குழல்வாயில் சந்தனம்

எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தில் ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத சொல் ஒன்று உண்டு. பாவாடை.

காற்றுத் துப்பாக்கியில் போடும் ரவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஈயத்தில் செய்த சின்னப் பொருள். மேலே தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாவாடை. சுடும்போது காற்றின் அழுத்தம் அந்தப் பாவாடையை இன்னும் விரித்துக் குழலின் உட்சுவரோடு ஒட்டவைக்கிறது. ஒட்டினால் ரவை நேராகப் போகும், ஒட்டாவிட்டால் தள்ளாடும். ஆகவே துல்லியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாவாடையைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும்.

எங்கள் தலைவருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். யாராவது பெல்லட் என்றால் "ரவை" என்று திருத்துவார். பேரல் என்றால் "குழல்", டிரிகர் என்றால் "விசை". ஸ்கர்ட் என்ற இடம் வரும்போது மட்டும் அவருடைய தமிழ் சிவப்பு விளக்கைக் கண்ட பேருந்து போல நின்றுவிடும். மன்றத்தில் நான் ஒருத்திதான் பெண். என் பக்கம் ஒரு பார்வை, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த… அடிப்பாகம்" என்பார்.

"பாவாடைங்களா சார்?" என்று நான் கேட்பேன்.

உடனே செயற்குழு உறுப்பினர்கள் நால்வரும் மின்விசிறியை ஆராயத் தொடங்குவார்கள்.

மன்றம் இருப்பது தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். கீழே பைக் பட்டறை, மேலே நாங்கள். பத்து மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டிச் சுடும் அளவுக்கு நீளமான ஒரு கூடம், அவ்வளவுதான். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். பியூரெட்டில் திரவத்தின் அடிவளைவு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்தே வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் துணைக்கு வா என்று ஒருநாள் இங்கே அழைத்துவந்தார். அவர் இரண்டாம் வாரமே யோகாவுக்குப் போய்விட்டார். நான் தங்கிவிட்டேன். நடுவில் படவேண்டியது நடுவில் படுவதைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மாவட்டப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்து, மாநிலப் போட்டிக்குப் போகவேண்டும். பதக்கம் வேண்டாம். அந்த வரிசையில் ஓர் இடம் வேண்டும். இரண்டு முறை முயன்றுவிட்டேன். முதல் முறை நிறையப் புள்ளிகள் குறைந்தன. இரண்டாம் முறை, இரண்டு புள்ளி. நிறையக் குறைந்தால் தூக்கம் வரும். இரண்டு புள்ளி குறைந்தால் வராது. இந்த ஆண்டு விடுவதில்லை என்று இருந்தேன்.

இங்கேதான் ரவை வருகிறது. ரவைகளின் தலை எல்லாம் ஒரே அளவு இல்லை. நாலு புள்ளி நாலு ஒன்பது மில்லிமீட்டர் உண்டு, நாலு புள்ளி ஐந்து உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு இருக்கிறது. எதை விரும்பும், எதைத் துப்பும் என்று கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் மன்றத்தில் நல்ல வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றே ஒன்று. போட்டிக்கு நான் எடுத்துப் போவது அதைத்தான். அதற்குப் பொருந்தும் போட்டி ரவையைத் தருவிக்கும் வியாபாரி, தனி ஆட்களுக்குத் தருவதில்லை. மன்றத்தின் பெயரில், ஒரே தயாரிப்புத் தொகுதியில், வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகத்தான் தருவார். முதலில் ஒவ்வோர் அளவிலும் கொஞ்சம் மாதிரி ரவைகளை அனுப்புவார். அவற்றைச் சுட்டுப் பார்த்துச் செயற்குழு எதை முடிவு செய்கிறதோ அதுதான் வரும். அவர்கள் தப்பாக முடிவு செய்தால், என் குழல் துப்புகிற ரவையோடு நான் போட்டிக்குப் போகவேண்டும்.

மாதிரிகள் என் கல்லூரி முகவரிக்குத்தான் வந்தன. "ரவை வந்தாச்சு" என்று வீட்டுக்குப் போன் செய்தேன். "நாளைக்கும் உப்புமாவா?" என்று என் கணவர் துயரத்துடன் கேட்டார்.

இனி தலைவரைப் பற்றி. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் பேரிங்குகளின் விட்டத்தை அளந்தவர் என்பதால், உருண்டையாக இருக்கும் எதைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே வார இறுதிகளில் வாய்வழித் துப்பாக்கியால் மான் வேட்டைக்குப் போகிறாராம். குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்துக் குச்சியால் இடித்து இறக்கிச் சுடும் பழைய முறை. அதில் குழலைவிடச் சிறிய குண்டைப் போட வேண்டுமென்றால், அதற்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை மாட்டுகிறார்கள். கிண்ணத்துக்குப் பூ இதழ் போல நாலு இதழ். இதழ்கள் குண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களில் சுழன்று வந்து, வெளியே வந்ததும் விரிந்து கழன்று விழ, குண்டு மட்டும் போகும். அந்தக் கிண்ணத்தின் பெயர் சேபாட்.

மகன் போன தடவை வந்தபோது அப்பாவுக்குக் குண்டு கொண்டுவர முடியவில்லை. விமான நிலையம் என்று ஒன்று இருக்கிறதே. கிண்ணங்களைக் கொண்டுவந்தார். ஒரு சின்னப் பொட்டலம். அன்றிலிருந்து தலைவரின் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு சேபாட் இருக்கும்.

"குண்டுக்கும் குழலுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக் கூடாதுங்க" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை விரலில் மாட்டிக்கொண்டு சொல்வார். "கல்யாணப் பொருத்தம் மாதிரி. டைட்டா இருந்தாத்தான் குடும்பம் நேராப் போகும்."

அவர் வாய்வழித் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மகன் அனுப்பும் காணொளிகளைத் தொட்டிருக்கிறார். எங்கள் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட அட்டையைச் சுவரில் மாட்டினால் அம்மை போட்ட முகம் போலிருக்கும். ஆனாலும் பொருத்தம் பார்ப்பதில் அவர் கறாரானவர். அவருடைய தீர்ப்பு, நாலு புள்ளி ஐந்து. ஏனென்றால் அது பெரியது, ஆகவே டைட். குழலின் நாக்கு நாலு புள்ளி நாலு ஒன்பதைத்தான் கேட்கும் என்பது என் ஊகம்.

செயலாளர் கீழ்க்கட்டளைக்காரர், வங்கி அதிகாரி. அவருக்கும் நாலு புள்ளி நாலு ஒன்பது ஆகாது. காரணம் வேறு.

"மேடம், கூட்டிப் பாருங்க. நாலும் நாலும் எட்டு, எட்டும் ஒன்பதும் பதினேழு. ஒண்ணும் ஏழும்?"

"எட்டு."

"எட்டு! சனி. துப்பாக்கில போய் சனிய ஏத்துவாங்களா? நாலு புள்ளி ஐந்து பாருங்க, ஒன்பது. செவ்வாய். ஆயுதத்துக்கே அதிபதி."

இந்த மனிதர்தான் வங்கியில் மற்றவர்களின் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறார்.

முதல் சோதனை நடந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். செயற்குழுவினர் ஒவ்வொருவரும் துப்பாக்கியைக் கையில் பிடித்து, இரண்டு வகை ரவையையும் மாறி மாறிச் சுட்டார்கள். அட்டைகளைப் பரப்பி வைத்துக் குனிந்து பார்த்தார்கள். ரவைகளைப் பற்றி அந்த அட்டைகள் எதுவும் சொல்லவில்லை. யார் எத்தனை காபி குடித்திருந்தார்கள் என்று மட்டும் தெளிவாகச் சொல்லின.

"கை நடுக்கம் சேராம சுடணும் சார்" என்றேன். "துப்பாக்கிய ஒரு வைஸ்ல, அதான் பட்டறைல இரும்பைக் கவ்விப் பிடிக்குமே அதுல, இறுக்கிட்டு, அஞ்சு அஞ்சு ரவை சுட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும். துளை எல்லாம் ஒண்ணா விழுந்தா நல்ல ரவை. சிதறினா இல்ல."

எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். என்னவோ நான் அவர்கள் கைகளை வெட்டி எறியச் சொன்னதுபோல.

"வைஸே சுட்டுடும்னா அப்புறம் நாம எதுக்கு மேடம்?" என்றார் செயலாளர்.

அது நல்ல கேள்வி.

கடைசியில் தலைவரின் தொழிற்சாலை இரத்தம் வென்றது. வைஸ் என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகத்தில் ஓர் இளமை வந்துவிடுகிறது. கீழே இறங்கிப் பட்டறைக்காரரிடம் கேட்டோம். மேசையோடு போல்ட் போட்ட வைஸ் அவரிடம் இருந்தது.

"இன்னாத்துக்கு சார்?" என்றார் பட்டறைக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே.

"துப்பாக்கியை இதுல பிடிச்சு வெச்சு, எந்த ரவை நல்லதுன்னு சோதனை பண்ணணும்."

"அட, கட்டிப் போட்டு விசாரிக்கப் போறீங்கோ!" என்று சிரித்தார். "எத்துக்கினு போங்க. ஆனா ஆய்த பூஜைக்கு முன்னாடி வராது. சர்வீஸ் வண்டி குமிஞ்சு கீது. பூஜை முட்ச்சு மறாநாள் தர்றேன்."

அப்படித்தான் எங்கள் விஞ்ஞானச் சோதனை விஜயதசமிக்குத் தள்ளிப்போனது. செயற்குழுவுக்கு இதில் மகிழ்ச்சி. புதிதாகத் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா?

ஆயுத பூஜை மாலை, கீழே பட்டறையில் பூசணிக்காய் உடைத்தார்கள், மேலே எங்கள் பூஜை. வாழைக்கன்று, பொரி, கடலை, சுண்டல். துப்பாக்கிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்து மாலை போட்டார்கள். தலைவர் வேட்டியோடு வந்திருந்தார். தட்டில் குழைத்த சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தார். கட்டையில், விசைக்கு மேலே, குழல் நெடுக. நான் போட்டிக்கு எடுக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிக்குக் கூடுதல் மரியாதை. குழலின் வாய்க்கே ஒரு பொட்டு வைத்தார். மனிதருக்கு நெற்றி எப்படியோ துப்பாக்கிக்கு வாய் அப்படி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாராளமான கை. நான் சுண்டல் தட்டோடு கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தேன்.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்று தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது பொட்டை அழிக்கவும் கூடாது. ஆக, சந்தனம் இரவு முழுக்க ஆற அமரக் காய்ந்தது.

மறுநாள் காலையில் நான்கு பேர் வைஸ் மேசையை மாடிக்குத் தூக்கிவந்தார்கள். சைக்கிள் டியூபைச் சுற்றித் துப்பாக்கியின் கட்டையை இறுக்கினோம். பெண்கள் முதலில் என்ற பெருந்தன்மையில் என் ரவையை, நாலு புள்ளி நாலு ஒன்பதை, முதலில் போடச் சொன்னார் தலைவர். ஐந்து சுட்டோம்.

ஐந்தும் ஐந்து ஊர்களுக்குப் போயிருந்தன. ஒன்று கறுப்பு வட்டத்துக்கே வெளியே.

அடுத்து நாலு புள்ளி ஐந்து. முதல் இரண்டு கொஞ்சம் விலகின. அடுத்த மூன்றும் ஒரே துளையில் விழுந்தன.

"பார்த்தீங்களா?" என்றார் தலைவர். சட்டைப் பையிலிருந்து சேபாட் வெளியே வந்தது. "டைட். நான் அன்னைக்கே சொன்னேன்."

"சனி" என்றார் செயலாளர், என் அட்டையைப் பார்த்து, ஏறக்குறைய இரக்கத்தோடு.

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஈய ரவை பட்ட துளையைச் சுற்றி எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். என் அட்டையின் முதல் துளைகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். கோயில் பிராகாரம் போல மணத்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அட்டையை முகர்ந்து பார்க்கும் நிலைக்கு மேடம் வந்துவிட்டார் என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவரை இடித்தார்.

விஷயம் எளிமையானது. குழலின் வாயில் இருந்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. வெளியேறும் கடைசி நொடியில் ரவை எதையாவது உரசினால் அதன் கதை முடிந்தது. அந்தக் குழலைச் சுத்தம் செய்கிற வேலையை என் ஐந்து ரவைகள் செய்தன. மிச்சத்தை அவருடைய முதல் இரண்டு செய்தன. சுத்தமான குழலில் அவருடைய மற்ற மூன்றும் ராஜாவாகப் போயின.

இதை நான் மரியாதையாக, சார் போட்டு, விளக்கினேன்.

"அப்போ சாமிக்கு வெச்ச பொட்டு மேல குத்தம் சொல்றீங்க" என்றார் செயலாளர்.

"பொட்டு மேல இல்ல சார். வெச்ச இடத்து மேல."

"நல்ல நாள் அதுவுமா…" என்றார் ஒருவர். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாலு புள்ளி ஐந்து வாங்குவதென்று அடுத்த ஞாயிறு தீர்மானம் போடப்போவதாக அறிவித்தார்கள். என் இரண்டு புள்ளி எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் ஆய்வகத்தில் மாணவர்களின் கணக்குகளில் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன்.

வாதாடிப் பயனில்லை. தலைவரின் மொழியில்தான் பேசவேண்டும். சனிக்கிழமை மாலை மன்றத்துக்குப் போனேன். வைஸ் மேசையைப் பட்டறைக்காரர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. தலைவர் மட்டும் இருந்தார்.

"சார், உங்க ஃபேக்டரில ஒரு சோதனை சரின்னு எப்போ ஒத்துக்குவீங்க?"

"திரும்பச் செஞ்சா அதே மாதிரி வரணும். ஒரு தடவை வர்றது அதிர்ஷ்டம், ரெண்டு தடவை வந்தாத்தான் தரம்" என்றார் உடனே. இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று தெரிந்தது.

"அப்போ தீர்மானத்துக்கு முன்னாடி நாளைக்குக் காலைல இன்னொரு தடவை செஞ்சிடலாம் சார். எதையும் மாத்த வேணாம். அதே வைஸ், அதே முறை. வரிசை மட்டும் மாத்துவோம், போன தடவை எனக்கு முதல் இடம் குடுத்தீங்க. இந்தத் தடவை முதல் மரியாதை உங்க ரவைக்கு."

அவருக்குப் பிடித்திருந்தது.

"அதே முறைன்னா…" என்று இழுத்தேன். "அன்னைக்குப் பொட்டு வெச்சு ராத்திரி விட்டோம். அதையும் செஞ்சாத்தானே சார் அதே நிலைமை?"

"இதான் முறை!" என்றார். "சாமியையும் விடல பாருங்க நீங்க." அலமாரியில் இருந்த சந்தனத்தைத் தானே குழைத்து, தானே வைத்தார். தாராளமான கை என்று முன்பே சொன்னேன். நான் தள்ளித்தான் நின்றேன். கை கட்டிக்கொண்டு.

ஞாயிறு காலை அவருடைய ரவைகள் ஐந்தும், என்னுடையவை போன தடவை போன அதே ஐந்து ஊர்களுக்குப் போயின. நாலாவது ரவை அட்டையைவிட்டே விலகிப் பின்பலகையில் பட்டது. பிறகு என்னுடைய ஐந்து. கடைசி மூன்றும் ஒரே துளை.

செயலாளர் இரண்டு அட்டைகளையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கீழேயிருந்து வெல்டிங் சத்தம் வந்தது.

"இப்போ குழலைச் சுத்தம் பண்ணிட்டு, ரெண்டையும் ஒரு தடவை சுட்டுடலாமா சார்?" என்றேன்.

பஞ்சு வைத்துக் குழலைத் துடைத்தோம். பஞ்சு மஞ்சளாக வெளியே வந்தது. தலைவர் அதைப் பார்த்தார். தரக்கட்டுப்பாட்டில் இருந்த மனிதர். பார்த்தது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு சுட்டோம். நாலு புள்ளி ஐந்து நன்றாகவே போனது, நான் மறுக்கவில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கூட்டம். நாலு புள்ளி நாலு ஒன்பது ஒரே துளை. கிழிசலில்லாத, ரவை மட்டும் போகும் அளவுக்கான துளை. குழல் தன் நாக்கைக் காட்டிவிட்டது.

தலைவர் தன் ரவை டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு புள்ளி ஐந்து டப்பாவைப் போன வாரம் திறந்து வெச்சிருந்தோம். ஈரக்காத்து பட்டிருக்கும்" என்றார். "சரி, இந்தத் தடவை மேடம் சொல்றதே இருக்கட்டும்."

ஈயம் ஒரு வாரத்தில் ஈரக்காற்றால் கெடும் என்று ஒரு வேதியியல்காரியிடம் சொல்கிறார். நான் தலையாட்டினேன். ஆர்டர் முக்கியம்.

அன்று மாலை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஆர்டரைப் போட்டார். தலை அளவு என்ற இடத்தில் "4.5" என்று இருந்தது. உடனே போன் போட்டேன்.

"சார், நாலு புள்ளி நாலு ஒன்பதுன்னுதானே முடிவாச்சு?"

"ஆமா மேடம். அதைத்தான் ரவுண்ட் பண்ணியிருக்கேன். எட்டு வேணாம்னுதான். பாங்க்ல நாங்க பைசாவை ரவுண்ட் பண்றதில்லையா?"

"நீங்க ரவுண்ட் பண்ணினா வியாபாரி பெருசை அனுப்பிடுவார் சார்."

"அதுக்காக சனியை எழுத்துல எழுத முடியுமா மேடம்? என் கையெழுத்து கீழ வருது!"

அறிவியல் இனி உதவாது என்று தெரிந்தது. மனக்கணக்குப் போட்டேன். "எத்தனை டப்பா சார் எழுதியிருக்கீங்க?"

"பதினெட்டு. பதினெட்டும் ஒன்பது."

"இருபதா எழுதுங்க. ஆர்டர்னா மொத்தமாத்தானே சார் கூட்டணும்? பதினேழோட ரெண்டும் பூஜ்யமும். பத்தொன்பது. ஒண்ணும் ஒன்பதும் பத்து. ஒண்ணும் பூஜ்யமும்?"

மறுமுனையில் பேனா காகிதத்தில் கிறுக்குவது கேட்டது. பிறகு குரலில் பக்தி வந்தது. "ஒண்ணு. சூரியன்!"

"சூரியன், சார்."

"மேடம், இது உங்களுக்குத் தெரியும்னு சொல்லவே இல்லையே!"

இருபது டப்பா நாலு புள்ளி நாலு ஒன்பது வந்து சேர்ந்தது. மன்றத்துக்குப் பதினெட்டே அதிகம்.

அதன் பிறகு எனக்குப் புதிதாக ஒரு சங்கடம் வந்தது. அதுவரை அட்டையில் ஒன்று விலகினால் ரவையைத் திட்டலாம். இப்போது திட்ட ஆளில்லை. பயிற்சியில் விலகியதெல்லாம் என் மூச்சு, என் தோள், என் அவசரம். எங்கள் செயற்குழு ஏன் வருடம் முழுக்க ரவையைப் பற்றியே பேசுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நல்ல ரவை கையில் வந்துவிட்டால் அந்த நான்கு பேரும் தங்களைப் பற்றிப் பேசவேண்டி வந்துவிடும். அதைவிட நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றிப் பேசுவது சௌகரியம்.

போட்டியன்று காலையில் மன்றத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பினோம். வாசலில் வேன் நின்றது. துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கக் குனிந்தபோது, தலைவர் வேட்டியோடு படியிறங்கி வருவதைப் பார்த்தேன். கையில் தட்டு. தட்டில் சந்தனம்.

"ஒரு நிமிஷம் மேடம். நல்ல காரியத்துக்குப் போறோம்."

தடுத்தால் அபசகுனம். வேனில் ஏறும் எல்லோரும் அதைப் பேசிக்கொண்டே வருவார்கள். பேச்சு என் தோளில் ஏறும். விட்டால் குழலில் சந்தனம். கீழே பட்டறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பட்டறைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

"சார்" என்றேன். "உங்க சேபாட் ஒண்ணு குடுங்களேன்."

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலு இதழ்களையும் விரலால் விரித்துக் குழலின் வாயில் கவிழ்த்து அழுத்தினேன். தொப்பி போல உட்கார்ந்துகொண்டது.

"இப்போ வைங்க சார்."

அமெரிக்க மகன் கொண்டுவந்த கிண்ணத்தின் அடிப்பாகத்தில் பெரியதாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

"இன்னா சார், துப்பாக்கிக்கு ஹெல்மெட்டா?" என்றார் பட்டறைக்காரர், வாயில் நுரையோடு. "போலீஸ் புட்ச்சா ஃபைன் இல்ல!"

போட்டிக் கூடத்தில் கிண்ணத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சுட்டேன். நடுவில் ஒரு தடவை அவசரப்பட்டேன். அது மோசமாக விலகியது. விலகும்போதே அது என்னுடையது என்று தெரிந்தது. துப்பாக்கியை இறக்கி வைத்து, பியூரெட்டில் கடைசித் துளிக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். பிறகு மிச்சத்தைச் சுட்டேன். மதியம் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தேன். மதிப்பெண்ணில் தசமமும் உண்டு; தாண்டியது ஒரு முழுப் புள்ளிகூட இல்லை. ஆனால் கோட்டுக்கு மேலே. கோட்டுக்கு மேலே என்றால் மேலேதான்.

அடுத்த ஞாயிறு மன்றத்தில் பாராட்டுக் கூட்டம். சமோசா, காபி. பட்டறைக்காரரையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள், வைஸ் அவருடையது என்பதால். செயலாளர் சூரியனைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். பிறகு தலைவர் எழுந்தார்.

"மேடத்தோட வெற்றிக்கு ரவைத் தேர்வு ஒரு காரணம். இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா முக்கியக் காரணம் வேற. தமிழ்நாட்டிலேயே முதன்முறையா அவங்க சேபாட் உபயோகிச்சாங்க."

கைதட்டினார்கள். நான் காபியைக் குடித்தேன். மாநிலப் போட்டிக்கும் எனக்கு அந்தக் கிண்ணம் தேவை. அவர் தட்டோடு வருவார்.

"சேபாட்னா என்ன சார்? தமிழ்ல சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும்" என்றார் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர்.

தலைவர் பையிலிருந்து மிச்சமிருந்த ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது வந்து… குண்டோட இடுப்பைச் சுத்தி… கீழ விரிஞ்சு… அதாவது குண்டுக்கு நாம மாட்டி விடுற ஒரு…"

தமிழ் நின்றுவிட்டது. என் பக்கம் ஒரு பார்வை. தொண்டையைச் செருமினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பட்டறைக்காரரின் குரல் வந்தது.

"பாவாடைன்னு சொல்லேன் சார், இதுல இன்னா கீது!"

செயற்குழு மின்விசிறியை ஆராய்ந்தது.